பின்னால் நின்றவள்

ஜூலை 6, சனி

கோயம்புத்தூர் ரயிலில் ஜன்னலோர இருக்கையை ஜெசிந்தாவுக்கு விட்டுக்கொடுத்தேன். அவள் கேட்கவில்லை. எதிரே இருந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார், அது போதுமாக இருந்தது. ஆனால் திருப்பூர் வருவதற்குள் அந்த அம்மாள் தன் மகளின் தைராய்டு மாத்திரை பற்றி ஜெசிந்தாவிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

வகுப்பு தொடங்கி ஒரு வருடம் ஓடிவிட்டது. வேலையை விடாமலே படிக்கும் பட்டம். வாரநாட்களில் ஈரோட்டில் மருத்துவமனை, சனிக்கிழமை கோவையில் கல்லூரி, ஞாயிறு துணியும் கட்டுரையும். செய்கிற வேலையே பாடம், அதை எப்படிச் செய்தோம் என்று எழுதுவதே பரீட்சை. செலவை மருத்துவமனை ஏற்கிறது. எங்கள் தலைவர் டாக்டர் நாச்சிமுத்து, எல்லாருக்கும் பெரிய டாக்டர், இரண்டு பேரை அனுப்பினார். கல்லூரி முடித்த நாளிலிருந்து அங்கேயே இருக்கிற, வெளிநோயாளிப் பிரிவு மேலாளரான என்னை. மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டுப் போன வருடத்துக்கு முந்தைய வருடம் வந்து சேர்ந்த, ஐசியூவைப் பார்க்கிற செவிலியர் கண்காணிப்பாளர் ஜெசிந்தாவை.

புதிதாக எழும்பும் தாய்சேய்க் கட்டடத்துக்கு ஒரு நிர்வாகத் தலைவர் வேண்டும். எங்களில் ஒருவர்தான். பெரிய டாக்டர் அதை மறைக்கவில்லை. "படிங்க. ரெண்டு பேர்ல யாருன்னு உங்க படிப்பே சொல்லட்டுங்க" என்றார்.

"கட்டுரை எழுதிட்டீங்களாக்கா?" என்று ஜெசிந்தா ரயிலில் கேட்டாள்.

"எழுதிட்டேனுங்க."

"எனக்கு எதுக்கு ங்க போடுதீங்க? எனக்க அக்காவுக்கும் உங்க வயசாக்கும்."

அவளுக்கு முப்பத்தெட்டு. எனக்கு நாற்பத்து நான்கு. அதைச் சொல்லிக்காட்டத்தான் வேண்டுமா.

ஜூலை 20, சனி

பேராசிரியர் வேதமூர்த்தி இன்று ஒரு கட்டுரையை வகுப்பில் படித்துக் காட்டினார். என்னுடையது பதினாறு பக்கம், மூன்று வரைபடம். படித்தது அவளுடையது. இரவுப் பணி முடிந்த ஒரு நர்ஸ் வீட்டுக்குப் போகாமல் பஸ் நிறுத்தத்தில் அழுதுகொண்டிருந்ததையும், தான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததையும் எழுதியிருந்தாள். அவ்வளவுதான். ஒரு புள்ளிவிவரம்கூட இல்லை.

எல்லாரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். முடிவில் கைதட்டினேன், எல்லாரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம்.

ஜூலை 23

அழுத நர்ஸ் யாரென்று விசாரித்தேன். முதலில் என் பிரிவில் இருந்த பெண். என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. ஊரே காவிரிக்குப் போனது, நான் கல்லூரிக்குப் போனேன். வீடு திரும்பியபோது என் கணவர் சண்முகவேல் கடையை அடைத்துவிட்டு வந்து தேங்காய்ச் சோறு கிளறி வைத்திருந்தார். நல்ல மனிதர். நெசவுக்கான நூல் கடை வைத்திருக்கிறார், தறி ஓசையிலேயே வளர்ந்ததால் எதையும் கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்.

"ஜெசிந்தா போன் பண்ணுச்சு. நீ ஊடு வந்து சேந்துட்டியான்னு கேட்டுச்சு. அந்தப் புள்ள பேசுனா பக்கத்துல ஒக்காந்து பேசற மாதரயே இருக்குதல்ல?"

"அவளுக்கு அதுதானுங்க வேலை" என்றேன்.

"ஏன், உன்ற வேல என்னவாமா?"

சோற்றில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டு எழுந்தேன். குறைவாக இல்லை.

ஆகஸ்ட் 24, சனி

இந்தப் பருவத்துக்கான பணியைச் சொன்னார்கள். ஒரே நிறுவனத்தில் இருக்கும் இருவரும் மாறி மாறி ஒருவருக்கு ஒருவர் நிழலாக இருக்க வேண்டும். மூன்று வேலை நாட்கள் அவர் பின்னாலேயே போக வேண்டும், கூட்டத்தில் உட்கார வேண்டும், பார்த்ததை அறிக்கையாக எழுத வேண்டும். பேசக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. முகம்கூடச் சுளிக்கக் கூடாது.

"நிழலுக்கு வாய் கிடையாது" என்றார் பேராசிரியர். "ஒரு நோயாளிக்கு ஆபத்துன்னா மட்டும் பேசலாம். மத்தபடி அவங்க தப்பு பண்ணட்டும். தப்புலதான் பாடம் இருக்கு."

ஜெசிந்தா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "அக்கா மூணு நாளு பேசாம இருந்துருவாங்க சார். எனக்குத்தான் கஷ்டம்." வகுப்பே சிரித்தது.

செப்டம்பர் 2, திங்கள்

முதல் நாள் நிழல். அவள் நடக்கும் வேகத்துக்கு என் முழங்கால் வலிக்கிறது.

துப்புரவுப் பெண்களின் பிள்ளைகள் பெயர் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஐசியூ வாசலில் நின்ற ஒருவரிடம் "மாமா, காலையில சாப்பிட்டீங்களா, இல்ல நேத்துபோல டீ மட்டுமா?" என்றாள். அவர் யாரென்றால், எங்கள் மருத்துவமனை மீது வழக்குப் போடுவேன் என்று போன வாரம் என் அறையில் மேசையைத் தட்டியவர். அவளுக்கு இட்லிப் பொட்டலத்தைத் திறந்து காட்டினார்.

அறிக்கையில் எழுதினேன்: உறவினர்களுடன் தேவைக்கு அதிகமான நேரம் செலவிடப்படுகிறது.

செப்டம்பர் 4, புதன்

பிரசவ வார்டைப் பழைய கட்டடத்திலிருந்து புதியதற்கு மாற்றும் பொறுப்பைப் பெரிய டாக்டர் அவளிடம் கொடுத்திருக்கிறார். இதை ஒழுங்காக முடித்தால் அந்த இடம் அவளுக்குத்தான் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. இன்று அதற்கான கூட்டம். நான் பின்வரிசையில், வாயில்லாமல்.

வெள்ளைப் பலகையில் எழுதினாள். அடுத்த புதன், பதினொன்றாம் தேதி: வார்டில் இருக்கும் எல்லாத் தாய்மாரையும் பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்புவது. வியாழன்: கட்டில்களை இடம் மாற்றுவது. வெள்ளி: புதிய வார்டு திறப்பு. வெள்ளிக்கிழமை ஆவணி முகூர்த்தம், நாள் பார்த்துச் சிசேரியன் கேட்ட குடும்பங்கள் அன்றைக்கு நிறைய. புது வார்டிலேயே அந்தப் பிள்ளைகள் பிறக்கட்டும் என்று அவளுக்கு ஆசை.

"டிஸ்சார்ஜ் பண்ண மருத்துவ ரீதியா ஒரு தடையும் இல்ல" என்றார் மகப்பேறு டாக்டர். கூட்டம் முடிந்தது.

எனக்கு நாள்காட்டி வேண்டியதில்லை. வரும் சனி விநாயகர் சதுர்த்தி. அங்கிருந்து விரல் மடக்கினால் புதன் அஷ்டமி, வியாழன் நவமி. இந்தப் பக்கத்தில் பிறந்து சில நாளான பிள்ளையை அஷ்டமியில் தூக்கிக்கொண்டு படி இறங்குகிற குடும்பத்தை நான் பார்த்ததில்லை. நாகர்கோவிலில் மாதா கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்து, மஸ்கட்டில் வேலை பார்த்தவளுக்கு அது உறைக்கவில்லை. முகூர்த்தம் என்று குடும்பங்கள் கேட்டதைக் குறித்துக்கொண்டவள், அதற்கு முந்தைய இரண்டு நாளைப் பார்க்கவில்லை.

இதற்கு வழியும் உண்டு. ஆகாத நாளில் புறப்பட வேண்டியிருந்தால் முந்தைய நல்ல நாளிலேயே ஒரு பையைக் கொண்டுபோய் வெளியே யார் வீட்டிலாவது வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்பார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டது என்று கணக்கு. செவ்வாய் மாலையே ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பையைக் கீழே வரவேற்பறையில் வைக்கச் சொன்னால் புதன்கிழமை முணுமுணுப்போடு கிளம்பிவிடுவார்கள்.

ஆனால் இன்று நிழலின் மூன்றாம் நாள். அஷ்டமி என்பது நோயாளிக்கு ஆபத்து இல்லை.

செப்டம்பர் 5, வியாழன்

பிரசவ வார்டின் தெய்வானை சிஸ்டர் என் அறைக்கு வந்தார். புதன்கிழமை அஷ்டமியாயிற்றே, ஜெசிந்தா மேடத்திடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

அரைத்து வைத்த மாவு புளித்துவிட்டது. நாளைக்கும் தோசைதான்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி, வகுப்பு இல்லை. கொழுக்கட்டை ஓரங்கள் பிரிந்து பூரணம் வெளியே வந்துவிட்டது.

மாலையில் ஜெசிந்தா போன் செய்தாள், வாழ்த்துச் சொல்ல. பிறகு தயங்கினாள். "அக்கா, நிழல் நாளு முடிஞ்சுதுல்லா. இனி பேசலாம்லா? புதன்கெழமைக்கு நான் எதையாவது விட்டுட்டனா? மனசுக்குள்ள என்னமோ மாதிரி இருக்கு."

அறிக்கையைக் கொடுக்கும் வரை நான் நிழல்தான். விதியை அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றேன்.

"அப்பாடா. நீங்க சொன்னாப் போதும்க்கா."

செப்டம்பர் 11, புதன்

ஒருவரும் கிளம்பவில்லை.

காலையிலேயே போய்ப் பார்த்தேன். எனக்கு அங்கே வேலை இருந்தது, நாற்காலிக் கணக்கு பார்க்க வேண்டியிருந்தது. ஜெசிந்தா ஒவ்வொரு கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தாள். பவானியிலிருந்து வந்த ஒரு மாமியார் பேரனை மடியில் வைத்துக்கொண்டு அசையவே இல்லை.

"அஷ்டமீல கொழந்தயத் தூக்கிட்டுப் போகச் சொல்றயே கண்ணு, உன்ற ஊட்டுல பண்ணுவியா?"

"அம்மா, டாக்டர் எல்லாம் பாத்தாச்சு. பிள்ளை நல்லா இருக்கான்."

"நல்லா இருக்கறதுனாலதான் சொல்றேன். நல்லா இருக்கறதக் கெடுக்கோணுமா?"

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு நவமி. அது அதுக்கு அக்கா."

வார்டு முழுக்கச் சிரிப்பு. ஒரு பெரியவர் கட்டிலின் கால்மாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "வெள்ளிக்கெழம வெடியறப்போ நாங்களே போயிருவமுங்க. நீங்க வெசனப்படாதீங்க" என்று அவளைத் தேற்றினார். அவளும் சிரித்தாள். ஆனால் பலகை இருந்த பக்கம் திரும்பியபோது கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

வெளியே வரும்போது தெய்வானை சிஸ்டர் எதிரே வந்தார்.

"மேடம், நீங்க பேசறேன்னீங்களே."

"நான் நிழலா இருந்தேன் சிஸ்டர். பேசக் கூடாதுங்கறது விதி."

"சரிங்க மேடம்" என்றார். மருந்துத் தட்டைச் சரிசெய்தபடி போய்விட்டார்.

செப்டம்பர் 12, வியாழன்

நவமி. கட்டில்கள் நகரவில்லை. மதியம் தயிர்சாதம்.

செப்டம்பர் 13, வெள்ளி

விடிந்ததும் முகூர்த்தச் சிசேரியன் குடும்பங்கள் வந்திறங்கின. பழைய குடும்பங்கள் நல்ல நேரம் பார்த்து ஒவ்வொன்றாகப் புறப்படத் தொடங்கியிருந்தன, ஆனால் முழுதாகக் கிளம்பவில்லை. புது வார்டில் ஒரு கட்டில்கூட இல்லை. மாடிப்படி வரைக்கும் பைகளும் பிளாஸ்குகளும்.

அதற்கு நடுவில் சித்தோட்டிலிருந்து ஒரு பெண் ஆட்டோவில் வந்தாள். நாள் பார்த்த பிரசவம் இல்லை, வலி எடுத்த பிரசவம். அவளைப் படுக்க வைக்க இடமில்லை. ஸ்கேன் அறையின் ஒடுங்கிய மேசையில் குழந்தை பிறந்தது. கதவுக்குத் திரைகூடச் சரியாக இல்லை, நான் போனபோது ஜெசிந்தா தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கதவுக் கண்ணாடியில் மாட்டிவிட்டு அந்தப் பெண்ணின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தாயும் பிள்ளையும் நலம். அந்தப் பெண்ணின் புருஷன் தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தான். யாரும் அவனிடம் வெளியே இரு என்று சொல்லவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

தாயும் பிள்ளையும் நலம். இரண்டாவது தடவை எழுதுகிறேன் என்று தெரிகிறது.

பெரிய டாக்டர் என்னை அழைத்தார். "வளர்மதி, நீங்க பாருங்க." பார்த்தேன். மேல்மாடித் தனியறைகளைத் திறக்கச் சொல்லி, மிச்சமிருந்த தாய்மாரிடம் போனேன். "ஊட்டுக்குப் போகச் சொல்லலீங்க. மாடிதான் மாறறீங்க. இப்ப நல்ல நேரந்தான். வலது கால எடுத்து வெச்சு வாங்க." ஒருவரும் மறுக்கவில்லை. பவானி மாமியார் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். மதியத்துக்குள் வார்டு ஒழிந்து கட்டில்கள் போய்ச் சேர்ந்தன.

எனக்கு இந்த வேலை தெரியும். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

செப்டம்பர் 14, சனி

வகுப்புக்கு ஜெசிந்தா வரவில்லை. ரயிலில் ஜன்னலோரம் எனக்கே கிடைத்தது.

நேற்று வாங்கிய பாராட்டை வீட்டில் கணவரிடம் சொன்னேன். "அப்ப அந்தப் புள்ள?" என்றார். ஸ்கேன் அறைக் குடும்பம் புகார் எழுதியிருக்கிறது, தவறு தன்னுடையது என்று அவள் பெரிய டாக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டாள் என்றேன். "ஐயோ பாவம்" என்றார். மருத்துவமனையில் பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளிடம் ஐயோ பாவம் என்கிறார்கள். நர்ஸ்கள் முறை வைத்து அவளுக்கு டீ கொண்டுபோகிறார்கள். சரியாகச் செய்தவளுக்கு ஒரு நாள் கைதட்டல். தப்பு செய்தவளுக்கு மணிக்கு ஒரு டீ.

செப்டம்பர் 28, சனி

இன்று வாய்மொழித் தேர்வு. மேசைக்கு அந்தப் பக்கம் பேராசிரியர் வேதமூர்த்தி, பக்கத்தில் விருந்தினராகப் பெரிய டாக்டர். இந்தப் பக்கம் ஜெசிந்தாவும் நானும்.

அவள் வார்டு மாற்றத்தைப் பற்றிப் பேசினாள். எதையும் மழுப்பவில்லை. நாளைப் பார்க்காமல் தேதி குறித்தது, அங்கிருந்த மனிதர்களிடம் கேட்காமல் பலகையிடம் கேட்டது, ஸ்கேன் அறைப் பெண்ணை மறுநாள் போய்ப் பார்த்தது, அவள் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. பேராசிரியர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பிழையின் மேலேயே பொறாமையாக இருந்தது. அதைவிடப் பெரிய பிழை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, அதற்கு யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை.

அப்போது பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்கதானே அந்தக் கூட்டத்துல நிழல்? உங்களுக்கு அப்ப தெரிஞ்சுதா?"

ஜெசிந்தா முந்திக்கொண்டாள். "அக்காகிட்ட நான் கேட்டேன் சார். தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பெரிய டாக்டரும் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இன்று பேசக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். பேராசிரியர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

திரும்பும் ரயிலில் அவள் தூங்கினாள். அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 5, சனி

மதிப்பெண் வந்தது. வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிகம். எனக்கு நடுத்தரம். "சிறப்பான செயல்பாடு. ஆனால் தன்னைப் பற்றி எதையும் சொல்லாத எழுத்து" என்று என் அறிக்கையின் அடியில் எழுதியிருந்தார்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. தாய்சேய்க் கட்டடத்தின் நிர்வாகத் தலைவர் நான். பெரிய டாக்டர் சொன்னார்: "மார்க் வேற, ஆஸ்பத்திரி வேற. அன்னிக்குக் காப்பாத்துனது நீங்கதான."

கணவர் மைசூர்பாகு வாங்கி வந்தார். கதவில் பெயர்ப்பலகை மாட்டினார்கள். முதலில் வந்து கைகொடுத்தது ஜெசிந்தா.

"இது உங்களுக்குத்தான்க்கா வரணும்" என்றாள். அவளை ஐசியூ பொறுப்புக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அக்டோபர் 18, வெள்ளி

தெய்வானை சிஸ்டர் ஐசியூவுக்கு மாற்றம் கேட்டு எழுதியிருக்கிறார். குடும்பச் சூழல் என்று காரணம். கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 23, புதன்

தலைவரானதிலிருந்து எனக்குச் சாப்பாடு அறைக்கே வந்துவிடுகிறது. இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே பணியாளர் உணவறைக்குப் போனேன். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. எதற்கு என்று கேட்டால் தெரியாது. சொன்னாலாவது அவள் என்னைத் திட்டுவாள், அப்புறம் அவளும் எல்லாரையும் போலத்தான் என்று ஆகிவிடும். அப்படிக்கூட நினைத்திருக்கலாம்.

புரட்டாசி முடிந்துவிட்டதால் அவள் ஊரிலிருந்து வந்த நெத்திலிக் கருவாட்டைக் குழம்பு வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மேசை நிறைய ஆட்கள், தெய்வானை சிஸ்டரும். நான் நெருங்கியதும் பேச்சு நின்றது. நகர்ந்து இடம் விட்டார்கள், உட்கார்ந்ததும் ஒவ்வொருவராகக் கை கழுவ எழுந்து போனார்கள். அவள் மட்டும் என் தட்டில் சோறு வைத்தாள்.

"ஜெசிந்தா, அன்னைக்கு அந்தக் கூட்டத்துல..."

"தெரியும்க்கா. அஷ்டமியன்னைக்குச் சாயங்காலமே தெய்வானை சிஸ்டர் சொல்லிட்டாங்க."

கை சோற்றிலேயே நின்றது. "அப்புறம் எதுக்கு சார் கேட்டப்போ அப்படிச் சொன்னே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்." குழம்பின் அடியில் தங்கிய தேங்காயைக் கலக்கிவிட்டாள். "சொல்லதுக்கு இடம் விட்டேன். நீங்க தண்ணி குடிச்சீங்க."

"நீயே சொல்லியிருக்கலாமே. இந்த வேலை உனக்கு வந்திருக்கும்."

"வந்திருக்கும்" என்றாள்.

முகத்தைப் பார்த்தேன். கோபம் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று தேடினேன். முகம் கொஞ்சம் களைத்திருந்தது. அடுத்த பணிமாற்றத்துக்கு நேரமாகிவிட்டது போல, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சாப்பிடுங்கக்கா. ஆறினா கருவாடு நல்லா இருக்காது."

சாப்பிட்டேன். இரண்டாவது தடவை நானே கரண்டியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். இவ்வளவு நல்ல குழம்பு எனக்கு ஒரு நாளும் வைக்க வந்ததில்லை.